வெல்லக்கூடிய ஒருவரையும் பிடிக்கவில்லை என்றால் புள்ளடியை எங்கே போடுவது?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அடுத்த ஜனாதிபதித் தேர்தலில்தான் முதன்முறை வாக்களிக்கப் போகிறீர்கள். பெயர் பருத்தித்துறையில் பதிவு, வேலை கொழும்பில். வெல்லக்கூடியவர்கள் என்று பேசப்படுகிற எவரையும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. அப்பா "இருக்கிறதுக்குள்ள கேடு குறைஞ்சவனுக்குப் போடு" என்கிறார். நண்பர்களில் ஒருவர் "போகாமல் விடு" என்கிறார், இன்னொருவர் "போய் எல்லாப் பெயருக்கும் மேல் கோடு இழுத்துவிட்டு வா" என்கிறார். கடைசியில் நீங்கள் கேட்டிருப்பது, செல்லாத வாக்குக்கு ஏதாவது பெறுமதி உண்டா என்பது. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எனக்கு யார் வேண்டும் என்பது ஒன்று. எனக்கு வேண்டியவர் வரப்போவதில்லை என்றால் எவர் வருவதைப் பொறுத்துக்கொள்வேன் என்பது மற்றது. ஒரே புள்ளடியால் (× அடையாளத்தால்) இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்ப்பதால்தான் இந்தத் தலையிடி. நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத இடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஆசிரியர்கள் எல்லோரையும் போலத் தேர்தல் வந்தால் கடமைக்கு வரச்சொல்லிக் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, கடிதம் வரும். வாக்களிப்பு நிலையத்திலும் இருந்திருக்கிறேன், இரவிரவாக எண்ணும் மேசையிலும் இருந்திருக்கிறேன். அரசியல் ஆய்வாளன் அல்ல. வாக்கு எப்படி எண்ணப்படுகிறது, எந்த வாக்கு எங்கே போய்ச் சேருகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். எந்த ஆளுக்குப் போடுவது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். கடமையில் இருந்த காலத்துப் பழக்கம் அது, விடவும் விருப்பமில்லை.

முதலில் செல்லாத வாக்கு. இந்தியாவில் "மேற்கண்ட எவருமில்லை" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு வரி இல்லை. எனவே கோடு இழுத்த சீட்டு, வெற்றுச் சீட்டு, தெரியாமல் இரண்டு பேருக்குப் புள்ளடி போட்ட பாட்டியின் சீட்டு எல்லாம் ஒரே கட்டுக்குள் போகும். எண்ணும் மேசையில் சந்தேகமான சீட்டுகளைத் தனியாக எடுத்து வைப்போம். பொறுப்பான அலுவலர் பார்ப்பார், கட்சிகளின் முகவர்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சீட்டுகளில் எத்தனையோ விதம்: கெட்ட வார்த்தை, நீண்ட கோரிக்கை, "ஒருவரும் வேண்டாம்" என்று அழகான கையெழுத்தில் ஒரு வரி. வாசித்துவிட்டு யாராவது சிரிப்பார்கள். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. பெறுபேற்றுத் தாளில் "நிராகரிக்கப்பட்ட வாக்குகள்" என்று ஒரேயொரு எண்தான் ஏறும். 2024இல் நாடு முழுவதும் அந்த எண் 300,300. அதில் எத்தனை பேர் கோபத்தில் செய்தது, எத்தனை பேர் தெரியாமல் செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதும் எதிர்ப்பை வாசிக்கப் போவது மேசையைச் சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேர். இது உறுதி.

இதைவிட முக்கியமான, பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஜனாதிபதியாகத் தெரிவாக முதல் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எதில் பாதி? செல்லுபடியான வாக்குகளில் பாதி. நிராகரிக்கப்பட்டவை அந்தக் கணக்கிலேயே இல்லை, வராதவர்களும் இல்லை. நீங்கள் வீட்டில் இருந்தாலும் சீட்டைக் கெடுத்தாலும் கணக்குக்கு ஒன்றுதான். ஆனால் தோற்பது நிச்சயம் என்று தெரிந்த ஒருவருக்கு ஒழுங்காக வாக்களித்தீர்கள் என்றால் அந்த மொத்தத்தில் ஒன்று கூடுகிறது, முன்னணியில் இருப்பவர் தாண்ட வேண்டிய பாதிக்கோடு கொஞ்சம் உயர்கிறது. பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 2005ஐ எடுத்துப் பார்ப்போம்.

அந்த நவம்பரில் மகிந்த ராஜபக்ச எடுத்தது 4,887,152 வாக்குகள், 50.29 வீதம். ரணில் விக்கிரமசிங்கவை விட 180,786 அதிகம். ஆனால் பாதிக்கோட்டை அவர் தாண்டியது ஏறக்குறைய 28,600 வாக்குகளால் மட்டும். மொத்தச் செல்லுபடியான வாக்குகள் 9,717,039. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: அவருக்கல்லாமல் வேறு யாருக்காவது, அது ரணிலாக இருக்கவும் தேவையில்லை, கடைசி இடத்தில் நின்ற ஒருவராக இருந்தாலும் சரி, இன்னும் 57,300 வாக்குகள் விழுந்திருந்தால் அவர் பாதிக்குக் கீழே இறங்கியிருப்பார். விருப்பு வாக்குகளை, அதாவது சீட்டில் 2, 3 என்று எழுதிய தெரிவுகளை, எண்ண வேண்டி வந்திருக்கும். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் ஏறக்குறைய 7 இலட்சம் பேர். வாக்களித்தவர்கள் 1.21 வீதம்.

இந்த இடத்தில் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் 2005ஐப் பற்றி நம்மவர்கள் எழுதுவதில் பாதி உறுதி, பாதி ஊகம். அந்தப் புறக்கணிப்பு ஒவ்வொருவரும் வீட்டில் இருந்து யோசித்து எடுத்த முடிவல்ல. புலிகளின் நிலைப்பாடு எல்லோருக்கும் தெரிந்திருந்தது, போனால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. எனவே "தமிழர் புறக்கணித்தார்கள்" என்று ஒரு வரியில் முடிப்பது நியாயமில்லை. இடாப்பில் இருந்த 7 இலட்சமும் ஊரில் இருந்தவர்கள் அல்ல. வெளிநாடு போனவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இறந்தவர்கள் பெயர்களெல்லாம் அதில் கிடந்தன. பின்னர் இடாப்பைத் திருத்தத் திருத்த மாவட்டத்தின் நாடாளுமன்ற ஆசனங்கள் 9இலிருந்து 7, இப்போது 6 என்று இறங்கி வந்ததே அதற்குச் சாட்சி. ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று பார்க்கும்போது, வடக்கில் வழமையான அளவில் வாக்களிப்பு நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதை எண்கள் வலுவாகவே சொல்கின்றன. அதற்கு மேல் போய், ரணில் வந்திருந்தால் போரே வந்திருக்காது என்று சொல்பவர்களுடன் நான் சேர மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. புறக்கணிப்புக்காகப் புலிகளுக்குப் பணம் கைமாறியது என்ற கதையும் அப்படித்தான், பலமுறை சொல்லப்பட்டது, எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

அப்பா சொல்வதற்கு வருவோம். கேடு குறைந்தவரைத் தெரிவது என்பதை நம் சனம் உலகத்தில் வேறு யாரையும் விடக் கடுமையான நிலையில் செய்து பார்த்திருக்கிறது. 2010 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து எட்டு மாதம். முள்வேலி முகாம்களில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். வாக்குச்சீட்டில் வெல்லக்கூடியவர்கள் இருவர்: போரை நடத்திய ஜனாதிபதி, களத்தில் நடத்திய இராணுவத் தளபதி. இப்படி ஒரு தெரிவை எந்தப் பரீட்சைத் தாளிலும் கொடுக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நான்கில் மூன்று பங்கினர் வாக்களிக்கவில்லை. வாக்களித்தவர்களில் 63.8 வீதம் பேர் சரத் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். தமிழர் சார்பில் நின்ற சிவாஜிலிங்கத்துக்கு முழு நாட்டிலும் பத்தாயிரம் வாக்குகூடக் கிடைக்கவில்லை. பொன்சேகாவின் மேல் அன்பு பொங்கியா போட்டார்கள்? எதிரில் இருந்தவர் தொடரக் கூடாது என்று போட்டார்கள். பலன் இல்லை. மகிந்த 57.88 வீதத்துடன் வென்றார், வித்தியாசம் 18 இலட்சத்துக்கும் மேல்.

ஐந்து வருடம் கழித்து அதே வேலையைச் செய்தார்கள், இம்முறை பலித்தது. 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன 51.28 வீதம் எடுத்து மகிந்தவை வென்றார். வித்தியாசம் நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்தில் மட்டும் அவருக்கு 74 வீதம். வடக்கு கிழக்கு வாக்கு இல்லாமல் அவர் வந்திருக்க மாட்டார். அதனால் கிடைத்தது என்ன? 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கொஞ்சம் கட்டியது. தகவல் அறியும் சட்டம் வந்தது. வலிகாமம் வடக்கில் கொஞ்சக் காணி விடுபட்டது. தெருவில் நின்று பேசுவதற்கு இருந்த பயம் குறைந்தது, இதை அந்தக் காலத்தில் இங்கே இருந்த யாரும் மறுக்க மாட்டார்கள். கிடைக்காதது என்ன? புதிய அரசியலமைப்பு வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோருக்கு அலுவலகம் வந்தது, பதில் வரவில்லை. கடைசியில் 2018 ஒக்டோபரில் அதே மைத்திரி, யாரைத் தோற்கடிக்க நாம் அவருக்கு வாக்களித்தோமோ அவரையே கொண்டுவந்து பிரதமர் கதிரையில் இருத்தினார். ஐம்பது நாள்தான் நீடித்தது, ஆனால் மறக்கிற விஷயமா? கேடு குறைந்தவருக்குப் போட்டால் கேடு குறையும், அவ்வளவுதான். அதையே நன்மை என்று நம்பினவர்கள்தான் பிறகு அதிகம் கொதித்தார்கள்.

2019இல் இன்னும் ஒருமுறை. சஜித் பிரேமதாசவுக்கு யாழ்ப்பாணத்தில் 83.86 வீதம். கோட்டாபய ராஜபக்ச தமிழ் வாக்கின் தயவே இல்லாமல் 52.25 வீதத்துடன் வந்தார். ஆக நாலு தேர்தலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவது: தெற்கு இரண்டாகப் பிளந்து நிற்கும்போது நம் வாக்கு தராசைச் சாய்க்கும், தெற்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் நாம் எவ்வளவு ஒற்றுமையாகப் போட்டாலும் முடிவு மாறாது. எந்தத் தேர்தல் எந்த வகை என்பது வாக்களிக்கப் போகும் காலையில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தேநீர்க் கடையிலும் யூடியூபிலும் தெரியும் என்று சொல்பவர்கள் உண்டு.

இனி நான் முதலில் சொன்ன விருப்பு வாக்கு. ஜனாதிபதித் தேர்தலில் உங்கள் சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை என்றால் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் மறுபடி எடுத்து, அதில் 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அந்த இருவரில் ஒருவருக்கு 2 இருந்தால் வாக்கு அவருக்குப் போகும். 2 இன்னொரு விலக்கப்பட்டவருக்கு என்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லை என்றால் சீட்டு ஓரமாகப் போகும். கூட்டினால் யாருக்கு அதிகமோ அவர் ஜனாதிபதி, இந்த முறை பாதி தேவையில்லை. பலர் பயப்படுவது போல, 2 போட்டால் 1 போட்டவருக்கு நட்டம் என்பது பிழை. உங்கள் 1 வெளியே போன பிறகுதான் 2ஐ யாரும் பார்ப்பார்கள். உங்கள் 1 முதல் இருவரில் ஒருவராக இருந்தால் 2 எண்ணப்படவே மாட்டாது.

இந்த ஏற்பாடு 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் இருந்தே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எட்டுத் தேர்தலில் ஒவ்வொரு முறையும் ஒருவர் பாதியைத் தாண்டியதால் யாருக்கும் அதன் தேவை வரவில்லை. எண்ணும் பயிற்சி வகுப்பில் அந்தப் பகுதி வந்ததும் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் முதன்முதலாக அது நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் 32.76 வீதம். மற்ற எல்லோரும், ரணில் உட்பட, விலக்கப்பட்டார்கள். அவர்களுக்கு 1 போட்டவர்கள் ஏறக்குறைய 33 இலட்சம் பேர். அதாவது முன்னணியில் இருந்த இருவரையும் முதல் தெரிவாக ஏற்காத 33 இலட்சம் பேர், உங்களைப் போன்றவர்கள். அந்தச் சீட்டுகளிலிருந்து அநுரவுக்குக் கூடியது 105,264. சஜித்துக்குக் கூடியது 167,867. சேர்த்தால் 273,131. மிச்சம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் அந்தச் சுற்றில் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இந்த எண்ணைப் பார்த்து நான் இன்னும் ஆறவில்லை. முதல் சுற்றில் இருவருக்கும் இடையில் இருந்த தூரம் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம். கையில் இருந்த சீட்டு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. அதற்கு அவர்கள் மிகப் பெரும்பான்மையாக ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அப்படிச் சாய்ந்திருப்பார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிலர் 2, 3 போட்டும் அவை வேறு விலக்கப்பட்டவர்களுக்குப் போயிருக்கலாம். இரண்டு பேரும் எனக்கு ஒன்றுதான் என்று வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டவர்களும் இருப்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் பெரும்பாலானோருக்கு அந்தப் பெட்டிகள் எதற்கு என்று தெரியவில்லை, அல்லது சொல்லிக் கொடுக்கப்படவில்லை என்பதே என் கணிப்பு. கட்சிகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதில் ஆர்வம் இல்லை. "எங்களுக்கு 1 போடுங்கள், 2ஐ அவருக்குப் போடுங்கள்" என்று எந்த வேட்பாளர் மேடையில் சொல்வார்?

எனவே என் பதில் இதுதான். 1ஐ மனதுக்குப் போடுங்கள். வெல்வாரா என்று பார்க்க வேண்டாம். 2ஐயும் 3ஐயும் விளைவுக்குப் போடுங்கள், அதில் ஒன்றாவது வெல்லக்கூடிய இருவரில் நீங்கள் பொறுத்துக்கொள்ளக்கூடியவராக இருக்கட்டும். அப்பாவின் வாதத்தையும் உங்கள் மனதையும் ஒரே சீட்டில் வைக்க நம் சட்டம் இடம் தருகிறது. ஒரு வரம்பு உண்டு: யாராவது முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டால் உங்கள் 2 எண்ணப்படாது, அப்போது 1ஐ நேரடியாகக் கேடு குறைந்தவருக்கே போட்டிருக்கலாமே என்று தோன்றலாம். கணக்குப்படி அப்படித் தோன்றத் தேவையில்லை. அவர் பாதியைத் தாண்டினார் என்றால், உங்கள் வாக்கு எதிரில் இருந்தவருக்குப் போயிருந்தாலும் அவர் தாண்டித்தான் இருப்பார். எங்கே போட்டாலும் மொத்தம் ஒன்றுதானே. ஒரே விதிவிலக்கு, உங்கள் இரண்டாம் தெரிவுக்காரர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்படும் ஆபத்து இருக்கும்போது. அப்போது அவருக்கு 2 போடுவது உதவாது, 1 போட்டால்தான் உதவும். மும்முனைப் போட்டி உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் இதை யோசியுங்கள்.

புறக்கணிக்கச் சொல்பவர்களை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. 2024இல் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி வெளிப்படையாகவே அப்படிக் கேட்டது. பங்கெடுப்பதே இந்த அமைப்பை ஏற்பதாகும் என்ற அவர்கள் வாதத்துக்கு நான் கணிதத்தில் பதில் சொல்ல முடியாது, அது கொள்கை. என் தயக்கம் வேறு. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர். நாட்டின் அளவு 79 வீதத்துக்கு மேல். வராத மூன்றில் ஒரு பங்கில் யார் கொள்கைக்காக வரவில்லை, யார் கனடாவில், யார் கொழும்பிலிருந்து பஸ் கிடைக்காமல், யார் காய்ச்சலில்? எண் வாய் திறக்காது. அதே தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் 226,343 வாக்குகள் எடுத்தார், யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு அடுத்ததாக வந்தார். அதைப் போதாது என்பவர்கள் இருக்கிறார்கள், போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது என்ன சொல்கிறது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. எதிர்ப்பைப் பதிய வேண்டும் என்றால் ஒரு பெயருக்கு நேரே பதியுங்கள் என்பது என் பக்கச்சார்பு.

2ஐ யாருக்குப் போடுவது என்று எப்படி முடிவெடுப்பது? ஆளைப் பிடிக்கிறதா என்பதை விட்டுவிட்டு அவர் கையெழுத்து எங்கெல்லாம் போய் முட்டும் என்று பாருங்கள். 1982இல் யாழ்ப்பாணத்தில் முதலிடம் தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலத்துக்கு, அது எதிர்பார்த்ததுதான். அவருக்கு அடுத்தது யார் தெரியுமா? ஹெக்டர் கொப்பேகடுவ. ஒரு கண்டிச் சிங்களவர், 1972 அரசியலமைப்பைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் அமைச்சர். அவருக்கு ஏன் போட்டார்கள்? அவர் விவசாய அமைச்சராக இருந்த காலத்தில் இறக்குமதி தடைப்பட்டிருந்தது, நம் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் விலை இருந்தது என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். தோட்டக்காரர் தன் வரம்பில் நின்று யோசித்திருக்கிறார். இன்றைக்கு அந்த வரம்பு எது? பயங்கரவாதத் தடைச் சட்டத்தை என்ன செய்வார், படையினர் வைத்திருக்கும் காணிக்கு என்ன, 2013க்குப் பிறகு நடக்காத வட மாகாண சபைத் தேர்தலை நடத்துவாரா, கடலில் நம் மீனவர் வலையை இழுவைப்படகு அறுக்கும்போது என்ன செய்வார். இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு விஞ்ஞாபனத்தை வாசியுங்கள். தமிழ்ப் பிரதியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தாமல், கொழும்பில் உங்களோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவரிடம் அதே பகுதியைச் சிங்களத்தில் வாசித்துச் சொல்லக் கேளுங்கள். யாழ்ப்பாண மேடையில் சொன்னதை மாத்தறையிலும் சொன்னாரா என்று பாருங்கள். 2024இல் வேட்பாளர்களின் சொத்து விபரங்களைத் தேர்தல் ஆணைக்குழு இணையத்தில் போட்டது, அதையும் ஒருமுறை புரட்டுங்கள். இதெல்லாம் செய்தும் இருவரும் ஒன்றுபோலவே தெரிந்தால், திருப்பி எடுக்க முடியாத கெடுதியை யார் செய்வார் என்று கேளுங்கள். விலைவாசியைத் திருத்தலாம், கட்டிய இடத்தை, போன உயிரைத் திருத்த முடியாது.

இது ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. நாடாளுமன்றத் தேர்தலில் "விருப்பு வாக்கு" என்பது வேறு சமாச்சாரம், அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி, அதே கட்சி ஆட்களின் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி. மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத பட்டியலுக்குப் போட்டது அப்படியே போய்விடும். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தில் கால்வாசிக்கும் சற்றுக் குறைந்த வாக்குடன் 6 ஆசனத்தில் 3ஐ எடுத்தது, மற்றவர்கள் அத்தனை துண்டாகப் பிரிந்து நின்றார்கள். அங்கே மனதுக்குப் போடுவதற்கு விலை அதிகம்.

கொழும்பிலிருந்து இரவு பஸ் எடுத்து வருவது வீணா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வாக்களிக்க விடுமுறை தரவேண்டியது முதலாளியின் கடமை, சம்பளமும் வெட்ட முடியாது. பருத்தித்துறைத் தூரத்துக்கு அரை நாள் தந்து சமாளிக்க விடாதீர்கள், எழுத்தில் முன்கூட்டியே கேளுங்கள். நிரந்தரமாகக் கொழும்பில்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் வருடாந்த இடாப்பு மீளாய்வின்போது கிராம சேவகரிடம் பேசி அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். ஜனாதிபதித் தேர்தலுக்கு முழு நாடும் ஒரே தொகுதி, எங்கே போட்டாலும் நிறை ஒன்று. நாடாளுமன்றத்துக்கு அப்படியல்ல, அதை யோசித்துச் செய்யுங்கள்.

அப்புறம், சீட்டை அடையாளமிடுவதில் ஒரு எச்சரிக்கை. எண்ணும் மேசையில் பார்த்துப் பார்த்து மனம் வெந்த விஷயம் இது. ஒருவருக்கு மட்டும்தான் என்றால் 1 போடலாம் அல்லது ஒரு புள்ளடி போடலாம், இரண்டும் செல்லும். இரண்டாம், மூன்றாம் தெரிவும் உண்டு என்றால் புள்ளடியைத் தொடவே தொடாதீர்கள், 1, 2, 3 என்று இலக்கமாக எழுதுங்கள். இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டால் செல்லாது. இரண்டு பேருக்கு 1 போட்டால் செல்லாது. 1 இல்லாமல் 2, 3 மட்டும் எழுதினால் செல்லாது. உங்களை அடையாளம் காட்டும் எதையும், கையெழுத்தையோ பெயரையோ, சீட்டில் எழுத வேண்டாம். 2019இல் சீட்டு 26 அங்குல நீளம், 2024இல் போட்டியிட்டவர்கள் 38 பேர். தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் எடுக்கும், பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். உங்கள் மூன்று பேரின் பெயரும் சின்னமும் எத்தனையாவது வரியில் இருக்கின்றன என்பதை முதல் நாளே மாதிரிச் சீட்டில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.